மாதிரி, போல, விட

கர்ரி ரோட்டில் இறங்கி
நனைந்துகொண்டே பாலம் தாண்டினோம்.
பஞ்சாலை இருந்த வளாகம்.
வாசலில் ஒருவன் எங்கள் குடையை வாங்கி
பித்தளைப் பானைக்குள் செருகினான்.
அங்கிருந்த குடைகளில்
கம்பி வளைந்தது எங்களுடையது மட்டும்.

உட்காருமுன்னே தளவாய் சொன்னார்:
இன்றைக்கு எதையும் எதனோடும் ஒப்பிடக் கூடாது.
மாதிரி, போல, விட,
மூன்றில் எது வாயில் வந்தாலும் பத்து ரூபாய்.

ஏனென்று நான் கேட்கவில்லை.
போன ஞாயிறு செம்பூரில்
அவர் அக்கா என்னை நிற்கவைத்துப் பார்த்து
"நம்ம பேச்சி உயரந்தான்" என்றதும்
மிக்சர் தட்டை நீட்டிய அவர் கை
நீட்டியபடியே நின்றதும்
இருவருக்கும் நினைவிருந்தது.

விளக்கெல்லாம் ஓட்டை போட்ட பித்தளை.
சுவரில், அவர் சட்டையில், என் முழங்கையில்
வெளிச்சப் பொட்டுகள்.
"அம்மை போட்ட மாதிரி" என்று ஆரம்பித்து
முதல் பத்தை இழந்தேன்.

பரிமாற வந்த பையனுக்குச் சிவப்புக் குல்லாய்,
காது வரை இறங்கியது.
மார்பில் லால்ரின் என்று பெயர்.
மிசோரமாம்.
மொராக்கோ போயிருக்கிறாயா என்றார் தளவாய்.
நான் இன்னும் தானேயே பார்க்கவில்லை சார் என்றான்.

குஸ்குஸ் வந்தது.
"இது ரவை" என்றேன்.
எடு பத்து என்று கை நீட்டினார்.
மாதிரி என்றா சொன்னேன்?
ரவை என்றுதானே சொன்னேன்?
யோசித்தார்.
துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்ப்பவர்,
எதையும் யோசிக்காமல் தள்ளுபடி செய்யமாட்டார்.
"உவமைக்குத்தான் அபராதம்.
உருவகத்துக்கு இல்லை."
தாராவி மாநகராட்சிப் பள்ளியின் எட்டாம் வகுப்பு
இன்னும் அவருக்குள்
பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தது.

கூம்பு மூடியை லால்ரின் தூக்க
ஆவி அவர் கண்ணாடியை அடைத்தது.
துடைக்கத் துணி தேடிய நேரத்தில்
என் பழைய வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார்,
எந்த ஓட்டலிலும் விலைப்பட்டியலை
வலமிருந்து இடமாகப் படிப்பவர்.
இவர் இடமிருந்து வலம் படித்தார்,
விலைக்கு வருமுன்னே அட்டையை மூடிவிட்டார்.
மனசுக்குள் நடப்பதற்கு அபராதமில்லை என்று
நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

கோழி.
பச்சை ஆலிவ் காய்.
உப்பில் ஊறிய எலுமிச்சை, இரண்டு துண்டு.

முலுண்டில் தண்ணீர் லாரி வராத கதையைச்
சொல்லிக்கொண்டே
அந்த இரண்டு துண்டையும்
கரண்டி நுனியால் எடுத்து
தட்டின் ஓரத்தில் வைத்தார்.
ஒதுக்குகிற கை வேறு,
யாருக்கோ எடுத்துவைக்கிற கை வேறு.
பதினோரு வருஷம் பரிமாறியவளுக்குத் தெரியாதா.

பிறகு அவரே பார்த்தார், ஓரத்தை.
தண்ணீர் லாரி பாதி வழியில் நின்றது.

எனக்கு எலுமிச்சை ஊறுகாயே ஆகாது.
எட்டி, ஒரு துண்டை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டேன்.
தோல் கடிபட்டது. உப்பு. கண் சுருங்கியது.
"எப்படி இருக்கு?"
எதை வைத்துச் சொல்ல?
"இருக்கு" என்றேன்.
இன்னொரு துண்டு
அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

புதினா டீயை
லால்ரின் கையை உயர்த்தி ஊற்றினான்,
பாதி மேஜைவிரிப்பில்.
வேலைக்கு வந்து நாலு நாள்தான் மேடம் என்றான்.
"நம்ம டீக்கடை மாஸ்டர் மாதிரி வராது" என்று
இரண்டாவது பத்தையும் கொடுத்தேன்.
அது தெரிந்தே கொடுத்தது.
நீர் பாய்ச்சிய முகத்தில்
சிரிப்பு திரும்பியது அவருக்கு.

திரும்புகையில் பொதுப் பெட்டி.
பரேல், தாதர், மாட்டுங்கா, சயான்.
பேசவில்லை. உட்கார இடமும் இல்லை.
விரலில் இன்னும் சீரகமும் குங்குமப்பூவும்.

குர்லாவில் நான் மாறவேண்டும்.
இறங்கு இறங்கு என்று கூட்டம் தள்ள
கதவுக் கம்பியைப் பிடித்தபடி
என் உள்ளங்கையில் எதையோ திணித்தார்.
பிளாட்பார வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால்
பத்து ரூபாய்.

சாயங்காலம் முழுக்க
ஒரு வார்த்தை தவறாதவர்.
எதற்கு என்று கேட்க நிமிர்வதற்குள்
வண்டி வித்யாவிஹார் பக்கம் நகர்ந்துவிட்டது.

மனசுக்குள் நடந்ததையும்
கணக்கில் சேர்த்துக்கொள்கிற மனுஷர்
போல.