பந்தி பதின்மூன்று

வழக்குரையில் பன்னிரண்டு பந்திகள் முடிந்துவிட்டன.
பெயர், விலாசம், தொழில்: அலுமினியப் பொருத்து வேலை.
திகதி. நேரம். தட்டாதெருச் சந்தி.
சிவப்பு ரீசேட் நாலாம் பந்தியில் வருகிறது.
வாளோடு ஓடினவனும் சிவப்பாம்.
அன்று யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்
சிவப்பு போட்டிருந்தார்கள் என்று
ஒருவரும் எண்ணவில்லை.

"பதின்மூன்றிலதான் காசு" என்றா இன்பவதனி மிஸ்.
"என்னென்ன இழந்தனீர், ஒவ்வொன்றாய்ச் சொல்லும்.
கூட்டித்தான் போடவேணும். அவை குறைப்பினம்."
பாசையூரில் விளைமீனுக்கு விலை கேட்கிற மாதிரி
நாங்கள் இரண்டு பேரும் பேரம் பேசினோம்
அங்கே இல்லாத ஆளோடு.

பதினொரு நாள் விளக்கமறியல்.
நாட்கூலி மூவாயிரத்து ஐந்நூறு. இது லேசான கணக்கு.
நல்லூரில் ஒரு வீட்டு யன்னல்கள்,
அளவெடுத்து முற்பணமும் வாங்கினது,
வேறொருத்தன் பொருத்திவிட்டான். எழுதுங்கோ.
இடது காது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை
இணைப்பில் இருக்கு.
வெட்டுமெசின் இப்ப எனக்கு
வலப்பக்கம் மட்டும் அலறுது.
இடப்பக்கம் ஒரு நுளம்பு, சாகாமல்.

பேப்பரில் படம் வந்தது.
முகத்தை மறைத்துத்தான் போட்டார்கள்.
முதுகை மறைக்கவில்லை,
அதில் கடையின் பெயர், போன் நம்பரோடு.
தங்கச்சிக்குச் சுன்னாகத்தில் நடந்த பேச்சுக்கால்
அடுத்த கிழமை சாதகம் பொருந்தவில்லை என்று நின்றது.
முதல் பொருந்தின அதே சாதகம்.
"இதை நிரூபிக்க ஏலாது" என்று
மிஸ் பேனையை மூடினா.

நிரூபிக்க ஏலாதவற்றை
சைக்கிளில் வீட்டுக்குப் போகையில் நானே சொல்லிப் பார்த்தேன்:
சிங்களத்தில் எழுதின வாக்குமூலத்தின் அடியில்
என் கையெழுத்து, தமிழில்,
பஸ் மாறி ஏறி
தெரியாத ஊரில் இறங்கின பிள்ளை மாதிரி.
இரவில் படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவானால்
அம்மா லைட்டை நூர்க்கிறா.
எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.
பிடித்தது.

சட்டமா அதிபருக்கு ஒரு மாத அறிவித்தல்
பதிவுத்தபாலில் போனது. பற்றுச்சீட்டு பேர்சுக்குள் இருக்கு,
எழுத்து அழிந்து வெறும் வெள்ளைத் துண்டாய்.
பிறகு தவணைகள்.
எதிராளிக்கு இடமாற்றம், அழைப்பாணை திரும்பி வந்தது.
நீதிபதி லீவு.
மொழிபெயர்ப்பாளர் இல்லை.
மொழிபெயர்ப்பாளர் வந்தார், கோப்பு இல்லை.
ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகுது மிஸ்,
இதையும் பதின்மூன்றில் கூட்டுவீங்களோ?
அவா சிரித்தா. நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

இன்று ஏழாம் தவணை.
விறாந்தை வாங்கில் என் பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தார்.
வெள்ளை அரைக்கைச் சேட். கையில் ஒரு மருந்துக்கடைப் பை.
ஏதோ கேட்டார்.
இடப்பக்கம் இருந்து கேட்டபடியால்
எனக்கு விளங்கவில்லை. திரும்பினேன்.
இரண்டாம் தரம், உடைந்த தமிழில்:
"தம்பி, எட்டாம் நம்பர் ரூம் எங்க?"
நேரே போய் வலது கைப்பக்கம் என்று காட்டினேன்.
"ஸ்துதி" என்று தலையை ஆட்டினார்.
விரலில் அந்த மோதிரம், கல்லு மட்டும் மாறியிருக்கு.

அவருக்கு என்னைத் தெரியவில்லை.
அன்றைக்கும் தெரியாது.
அதுதானே வழக்கு.

மிஸ்ஸிடம் போய் இதைச் சேர்க்கலாமோ என்று கேட்டேன்.
"வழக்குரையைத் திருத்தினால்
இன்னும் ரெண்டு தவணை போகும்" என்றா,
கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளே எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.
அவர் மருந்துப் பையை வாங்கிலேயே மறந்துவிட்டு எழும்பினார்.
எடுத்துக் கொடுப்பதா விடுவதா என்று
ஒரு கணம் நின்றுவிட்டு
நானும் உள்ளே போனேன்,
பையோடு.