டிரைவர் இன்னும் வரவில்லை

ஹித்தில் அதிகாலை இரண்டே முக்கால்.
உள்ளே பதினெட்டு டிகிரி. கதவைத் திறந்தால்
மூக்குக்கண்ணாடி வெளுத்துக் கடல் ஈரம் முகத்தில் அப்பும்.
முஹரக் கிளினிக் ஒன்றின் பழைய சர்வரை
இரும்புப் பெட்டியிலிருந்து உருவி
வெறும் கணக்காக்கி
இங்கே ஏற்றியிருக்கிறோம்.
எழ மாட்டேன் என்கிறது.

திரையின் கடைசி வரி: வேரைக் காணோம்.
அதற்குக் கீழே கெர்னல் பதறிப்போய் நிற்கிறது,
அழைக்க வருகிறேன் என்றவன் வராத
ஏர்போர்ட் வாசலில் நிற்கிற மாதிரி.

"டிஸ்க் போய்விட்டதா?" பத்ரியா போனில்.
போகவில்லை.
அத்தனை நோயாளிகளின் பெயரோடும் முழுசாக இருக்கிறது.
அதைத் தொடத் தெரிந்த டிரைவரும் இருக்கிறது,
அந்த டிஸ்க்குக்குள்ளேயே.
சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு
கதவைச் சாத்திய கதை.
அவள் சிரிக்கவில்லை.
"ஆறரைக்கு முதல் டோக்கன்" என்றாள்.

பதிவை மேலிருந்து படித்தேன்.
முதலில் பஸ் வர வேண்டும்.
பஸ் வந்தால்தான் அதில் யார் யார்
உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே தெரியும்.
அவசரப்பட்டு எழுந்த டிரைவர் ஒன்று
தனக்கு வேண்டியது இன்னும் வராததைப் பார்த்து
மைனஸ் ஐந்நூற்றுப் பதினேழு என்று எழுதிவிட்டு
வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது.
தோல்வியில்லை அது. புக்ரா.
கவுண்டரில் எனக்குச் சொன்ன அதே புக்ரா:
சி.பி.ஆர். கார்டுக்கு வீட்டு முகவரி வேண்டும்,
வீட்டு ஒப்பந்தத்துக்கு சி.பி.ஆர். வேண்டும்.
சஜீவன் தன் கரண்ட் பில்லைக் கொடுத்தான்.
மூன்று வாரம் நான்
அந்தத் தாளில்தான் குடியிருந்தேன்.

பெயர் வேறு மாறியிருந்தது.
பழைய பெட்டியில் எஸ்.டி.ஏ., இங்கே வி.டி.ஏ.
பழைய பெயரால் கூப்பிட்டால் எந்த டிஸ்க்கும் திரும்பாது.
எனக்கும் கார்டில் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டது.
விமானமே ஏறாத உப்பளக் கணக்கர் அருமைநாயகம்
தினமும் மூன்று கேட்டில்
"குட் மார்னிங் மிஸ்டர் அருமை" வாங்கிக்கொண்டு
உள்ளே போகிறார்.
ஜெபசிங் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு.

ஒன்று சொல்ல வேண்டும்.
இரண்டு விதமாக ஓட்டலாம் இந்த எந்திரத்தை.
நிஜ இரும்பு என்று அதை நம்பவைக்கலாம்.
ஒவ்வொரு எழுத்துக்கும் யாராவது
பின்னாலிருந்து நடித்துக்கொடுக்க வேண்டும்;
மெதுவாகத்தான் ஓடும்.
இல்லையென்றால் சொல்லிவிடலாம்:
நீ விருந்தாளி. வீடு வேறொருவருடையது.
அப்புறம் பாருங்கள், அது பறக்கும்.
கேட்பதை நேராகக் கேட்கும்,
ஒரே தட்டில் வாங்கிக்கொள்ளும்.
பதினோரு வருடமாக
நான் எந்த வகை என்று
என்னிடம் யாரும் கேட்டதில்லை.

நாலு மணிக்குக் கட்டுச்சோறு கட்டினேன்.
வேறொரு வட்டில் எழுப்பி, உள்ளே இறங்கி,
வேரைத் தேடப் புறப்படுகிறதற்கு முன்பே
கையில் இருக்க வேண்டிய சின்னப் பொதியில்
பஸ்ஸுக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று.
அவ்வளவுதான், இரண்டே பிடி.
வேர் கிடைத்த நொடியில் பொதியை உதறிவிட்டு
அது தன்பாட்டுக்குப் போகும்.
போயிற்று.
லாகின் கேட்டது.
பத்ரியாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று வந்தது.

வெளியே வெளிச்சம்.
கேட்டில் கம்பெனி பஸ் நிற்கிறது.
ராத்திரி ஷிப்ட் முடிந்த முப்பது பேர்
சாப்பாட்டுத் தூக்கோடு நிழலில்.
காவலுக்கு இருக்கும் டேக் பகதூர் கையை விரிக்கிறான்:
டிரைவர் இன்னும் வரவில்லை.
எங்கே?
சல்மாபாத் கேம்ப்பில்.
எப்படி வருவார்?
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:
இந்த பஸ் போய்த்தான் கூட்டிவரும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
வயிறு வலிக்கச் சிரித்தேன்.
முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்,
ராத்திரி முழுக்கத் தூங்காதவனைப்
பார்க்கிற மாதிரி.