நான்கு பதினொன்று

கீழணைத் தென்கரை ஷட்டர்களில்
ஏழாவது மட்டும் இறுகல்.
கிரீஸ் பூசினாலும் கெட்ட வார்த்தை சொன்னாலும்
அரைச் சுற்றுக்கு ஒருமுறை நின்று
மூச்சு வாங்கித்தான் ஏறும்.
அவர் லஸ்கராக இருந்த காலத்திலும்
அப்படித்தானாம்.
அவர் போன பதினாலாம் மாதம்
சக்கரம் என் கைக்கு வந்தது,
ஒரு டார்ச், ஒரு விசில்,
நீர்மட்டம் எழுத ஒரு நோட்டு
இவற்றோடு.

ஏழுக்குக் கீழேதான் மீன்.
இடுக்கில் கசியும் தண்ணீர் கல்தளத்தை அரித்து
இடுப்பளவு பள்ளம் பறித்து வைத்திருக்கிறது.
கொள்ளிடம் வெறும் மணலாய்க் கிடக்கிற மாதங்களிலும்
அங்கே கெண்டை புரளும், கெளுத்தி கிர்ரென்னும்.
ஞாயிற்றுக்கிழமைகளில்
கும்பகோணத்துப் பைக்காரர்கள்
மடக்குத் தூண்டிலும் மைதா உருண்டையுமாகப்
பாலத்தோரம் நிற்பார்கள்.
விரல் நீள ஜிலேபியைப் பத்துப் போட்டோ எடுத்துவிட்டு
வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்லா கேட்பார்கள்
குஞ்சிதபாதத்திடம்.

அவர் பேசுவது குறைவு.
வீச்சுவலையின் விளிம்பை எப்போதும் பல்லில் கவ்வியிருந்தால்
யார்தான் பேச முடியும்.
ஒருமுறை மட்டும்,
‘ஏழைக் கொஞ்சம் எறக்கேன்’ என்றார்.
‘உத்தரவு இல்லாம ஒரு நூல் அசையாது’ என்றேன்.
மறுநாள் சக்கரத்தின் கைப்பிடியில்
பாலிதீன் பையில் நாலு ஆரால் தொங்கியது.
மதிப்புப் போட்டு, நூற்றிருபது ரூபாயைச் சுருட்டி
அதே பையில், அதே இடத்தில் தொங்கவிட்டேன்.
மூன்றாம் நாள் பை இல்லை.
எடுத்தது அவரா, குரங்கா,
நானும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஓர் இரவு போன்.
முக்கொம்பில் உபரி விட்டாச்சு.
சரியா நாலு மணி. ஏழில் ஆரம்பிச்சு
பன்னிரண்டு வரைக்கும் மூணு அடி.
‘சரிங்க சார்.’

விசில் ஊதினேன். டார்ச் அடித்தேன்.
பள்ளத்தில் ஒரு முதுகு.
புதுத்தண்ணி வரப்போவது
மீனுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது,
ஏறுவதற்கு வந்து கொப்பளித்துக்கொண்டிருந்தன.
வலை கல்லில் மாட்டியிருந்தது.
இழுக்கிறார். விடு என்கிறேன். இழுக்கிறார்.
விசிலைத் துப்பிவிட்டுப் பெயர் சொல்லிக் கத்தினேன்,
அதுவரை ஒருநாளும் சொல்லாத பெயர்.
நாலு ஒன்று.
நாலு நாலு.
எனக்குப் பின்னால்
எத்தனை ஊர் மழை இருட்டில் வந்து
இரும்பில் தோள் சாய்த்து நின்றதோ.
கைகள் சக்கரத்தில்,
கண் அந்த முதுகில்.
நாலு ஒன்பதுக்கு
அவர் மடியிலிருந்து கத்தி எடுத்தது தெரிந்தது.

நாலு பதினொன்றுக்குத் திருப்பினேன்.
அன்றைக்கென்று ஏழு
வெண்ணெய் மாதிரி ஏறியது.
நுரையில் கெண்டைகள் எதிரே பாய்ந்தன,
கான்கிரீட்டில் மோதி விழுந்தன,
மறுபடி பாய்ந்தன.

நோட்டில் எழுதினேன்:
4.11. ஷட்டர் 7 இறுகல்.

ஒன்பது நாள் கழித்து வந்தார்.
நன்றி சொல்லத்தான் என்று
டம்ளரில் டீ ஊற்றினேன்.
‘வலை நாலாயிரத்து எரநூறு, ஈயம் தனி.
இன்னும் அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தா
எடுத்திருப்பேன்.’
டீயைக் குடித்தார்.
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மார்கழியில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது
அவருடைய நோட்டுகள்.
பதினெட்டு வருஷம்,
சாய்ந்த நீல எழுத்து.
ஷட்டர் 7 இறுகல், ஆறு நிமிடம்.
ஷட்டர் 7 இறுகல், பதினான்கு நிமிடம்.
ஆடியில் இரண்டு, ஐப்பசியில் மூன்று,
நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்த
அந்தக் கார்த்திகையிலும் ஒன்று.
எது துரு, எது ஆள்
என்று எங்கும் எழுதவில்லை.

இந்த மாதமும்
கிரீஸ் டின் வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கி
மூடி திறக்காமல் வைத்திருக்கிறேன்.