பதினேழு முறை இறந்தவர்

பாயான் லெப்பாஸில் அட்டை பிடித்து நின்றேன்.
அவர் பெயரில் ஓர் எழுத்தை
விழாக்குழு தின்றிருந்தது.
வஹீப் ஹலபி அதைப் பார்த்துச் சிரித்தார்:
"சுவரொட்டியில் இதைவிடக் கேவலமாக இருந்திருக்கிறேன்."

பின்சீட்டைத் திறந்தேன்; முன்னால் வந்து உட்கார்ந்தார்.
கார் ஓட்டாத நேரத்தில் என்ன செய்கிறாய்?
நடிப்பேன் என்றேன்.
காவலாளி, வட்டிக்காரன் அடியாள்,
மூன்றாம் பாகத்தில் குத்துப்பட்டு விழுகிறவன்.
பாலத்துக்கடியில் நெரிசல்.
அவர் விரல் மடக்கத் தொடங்கினார்:
ஒட்டகத்திலிருந்து விழுந்து ஒன்று,
பிரெஞ்சுப் படங்களில் குண்டைக் கட்டிக்கொண்டு நாலு
(நாலிலும் ஒரே வசனம்: "யல்லா"),
விஷம், தூக்கு,
ஒரு சோப்பு விளம்பரத்தில்கூட ஒன்று.
மொத்தம் பதினேழு.
நான் பதினொன்று என்றேன்.
"சின்ன வயசுதானே" என்றார், ஆறுதலாக.

லெபோ சூலியா விடுதியில்
ஹூய் லிங் நீட்டிய படிவத்தில்
இனம் என்று நாலு கட்டம்:
மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின்.
கடைசிக்கு என்ன அர்த்தம்?
மற்றவை என்றேன். மிச்சம்.
பேனாவை அழுத்தி, காகிதம் கிழிகிற மாதிரி குறியிட்டார்.
"எங்கள் நாட்டில் பதினெட்டுக் கட்டம்.
எனக்குரியதில் பிறந்தேன்.
அதற்குள்ளேயே கல்யாணம், அதற்குள்ளேயே குழி.
மிச்சமாக இருக்க ஒருத்தரும் விட்டதில்லை."

ஷூஃப் மலையில் அவர் அண்ணன்,
வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கால்சட்டை,
மறைநூல் கற்றவர்.
தம்பியின் படம் ஒன்றுகூடப் பார்க்காதவர்.
"எனக்கு நூல் தெரியாது, அவனுக்குப் படம் தெரியாது.
கணக்கு சரி."

முதல் நாடகம்
பெய்ரூட்டில் ஒரு கார் நிறுத்தத்தின் அடித்தளத்தில்.
மின்கட்டண ரசீதுகளின் முதுகில் எழுதியது.
(மின்சாரம் இல்லை; ரசீது மட்டும் தவறாமல் வந்தது.)
நாற்பது பேர் தம் நாற்காலியைத் தாமே சுமந்து வந்தார்கள்.
இருபத்தாறு வருஷம் கழித்து
பங்காக வந்த ஒலிவத் தோட்டத்தை விற்று
அதையே படமாக்கினார்.

கசாப்புக்காரன் மகன், ஐந்து வயது,
மலையிறங்கிப் பக்கத்து ஊருக்கு நடக்கிறான்,
ஒரு விதவையின் கதவைத் தட்டுகிறான்.
"என் சவரக்கத்தியை எங்கே வைத்தாய்?"

அந்த வசனத்தில்தான் மழை பிடித்தது.
லெபோ ஆர்மினியனில் பழைய கிடங்கு, தகரக் கூரை.
பதினாலு பேரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எழுத்து ஓடியது, குரல் இல்லை.
முடிந்ததும் ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி ஒருவர் எழுந்தார்:
இது உண்மைக் கதையா?
"சவரக்கத்தி உண்மை" என்றார் வஹீப்.

பிறகு நாசி கண்டார். கை எரிய எரிய.
உயிர் போனதும் அக்கணமே
வேறு குழந்தைக்குள் போய்விடும் என்பார்கள் எங்கள் ஊரில், என்றார்,
நடுவில் காத்திருக்க இடமே கிடையாதாம்.
எங்களுக்கு ஏழேழு ஜென்மம் என்றேன், அவசரமில்லை.
மீன்தலையைப் புரட்டியபடி
"நீ எப்படிச் சாவாய், காட்டு" என்றார்.

பாடாங் கோத்தா, இரவு பதினொன்றரை.
கடல் சுவருக்கருகில் விழுந்தேன்.
நெஞ்சைப் பிடித்து, ஒரு காலை உதறி,
எனக்குத் தெரிந்த எல்லாம் போட்டு.
அப்பளம் விற்ற மாமாக் ஓடிவந்து
ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார்.
அவருக்கு விளக்கி, மன்னிப்புக் கேட்டு,
இரண்டு பொட்டலம் வாங்கி அனுப்பிய பிறகும்
வஹீப் திருப்தியில்லாமல் தலையாட்டினார்.

"கண்ணை மூடிவிட்டாய், குணாளன்.
மூடுவது டைரக்டருக்காக.
சாகிறவன் யாரையோ தேடுவான்.
தேடு.
கிடைக்காவிட்டால் அது அவன் கவலை."

அவர் போய் எட்டு நாள் கழித்து
செந்தூலில் படப்பிடிப்பு. பன்னிரண்டாவது சாவு.
கண்ணைத் திறந்தே விழுந்தேன்.
கேமரா என்மேல் இல்லை,
கதாநாயகன் ஷூவின் மேல் இருந்தது.
ஆனாலும் ஓரத்தில் பாதி முகம் விழுந்திருக்கிறதாம்,
எடிட்டர் சொன்னான்.

வியாழன் இரவு ஒளிபரப்பு.
விளம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால்
இடது மூலையைப் பாருங்கள்.