செட் வராத நேரம்

எங்கள் கல்யாணப் பேச்செல்லாம்
அலைக்கும் அலைக்கும் நடுவில்தான்.

தேவனாம்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே
காலை ஐந்தே முக்காலுக்கு
ஆளுக்கொரு பலகையில் கால் தொங்கப்போட்டுக்
கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்போம்.
செட் வராத பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்
பந்திக்கு இலை எத்தனை என்பதுவரை முடிவாகிவிடும்.
கிடைக்காது.

"உங்கப்பா நெல்லித்தோப்பு கோயில்லதான்னு நின்னா,
எங்க வீட்டுல..."
என்று தொடங்குவான் கலைநாதன்.
அடிவானம் லேசாகத் தடிக்கும்.
வாக்கியத்தை என் பக்கம் தள்ளிவிட்டுக்
குப்புறப் படுத்துக் கையால் துழாவிக் கிளம்பிவிடுவான்.
கரையோரம் அவன் எழுந்து நிற்கிற விதத்தை வைத்து
மீதியை நானே முடித்துக்கொள்வேன்.

நாலு மாதத்தில்
சைவமா அசைவமா என்பது பாதி,
மேளமா பேண்டா என்பது கால்வாசி.
தேதிக்கு மாசி என்றோம், அப்போதுதான் கடல் படுத்துக் கிடக்கும்.
தவக்காலத்தில் கல்யாணமா, ரெஜினா, என்றார் அப்பா.
சரி, தை கடைசி. நாலு நல்ல அலை போகும், போகட்டும்.
பதிவு அலுவலகப் பலகையில்
எங்கள் பெயர்கள் முப்பது நாள் ஒட்டிக் கிடந்தன.
ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.
கலைக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அவனோடு முதலில் போனது முல்கிக்கு.
விழுப்புரத்தில் கண்டக்டர்
உறைபோட்ட பலகையைத் தட்டிப் பார்த்து
"உள்ள என்னய்யா, சவமா?" என்றார்.
இல்லை என்றதும் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
வர்க்கலைப் பாறை என் முட்டியில் ஒரு வாய் தின்றது.
அறுகங்குடாவில் ஒரு கம்மல் போனது.
மற்றொன்றை ஒற்றையாகவே போட்டிருக்கிறேன்,
கல்யாணத்துக்கும் அப்படியேதான்.

மணலில் ஷாமியானா, வெறுங்காலோடு விருந்தாளிகள்
என்றுதான் நினைத்திருந்தோம்.
அவன் அம்மா அமிர்தவல்லி
முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார்.
மீனைத் தொடுவார். கடலைத் தொடமாட்டார்.
கலைக்கு ஒன்பது வயதான அந்த டிசம்பருக்குப் பிறகு
கட்டிய வீட்டுக்கு வாசல் மேற்கே.
"எங்க வேணா வெச்சுக்குங்க," என்றார், வஞ்சிரத்தைத் துண்டுபோட்டபடி,
"சத்தம் கேக்காத எடமா பாருங்க."

அலையைத் தேடியே ஊர் ஊராகப் போனவர்கள்
அது இல்லாத இடம் தேடி வண்டியெடுத்தோம்.
ஊருக்கு ஊர் நிறுத்தி, என்ஜினை அணைத்து, காது கொடுத்து.
நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இரைந்தது.
அதை நம்ப முடியவில்லை, மேலே போனோம்.
பண்ருட்டி தாண்டி, பலாத்தோப்புக்குப் பின்னால்
பச்சை பெயின்ட் அடித்த ஒரு மண்டபம்.
மரத்தில் விரல்தண்டிப் பிஞ்சு.
வாட்ச்மேன் ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தினார்.

நட்ட நடுவில் நின்று மூச்சைப் பிடித்தோம்,
அலை புரட்டிப்போட்டு அடியில் வைத்திருக்கும்போது
பிடிப்போமே, அவ்வளவு நேரம்.
ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு காதுக்குள் ரத்தம் இரைந்தது.
அதுவும் அது மாதிரியேதான் இருந்தது.
கலை என்னைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.
ஐயாயிரம் அட்வான்ஸ் கட்டினோம்.
அம்மாவிடம் போனில்
"சுத்தமா ஒண்ணும் கேக்கலம்மா" என்றான்.

நேற்று மறுபடி தண்ணீரில்.
இருபது நிமிடமாக செட் இல்லை.
பேச மிச்சம் ஒன்றே ஒன்று.
"தாலியைக் கழட்டி வெச்சுட்டு வந்தா
உங்கம்மா என்ன சொல்வாங்க? நீ என்ன சொல்வ?"

வழக்கம்போல் கிழக்கே பார்த்தான்.
தட்டை.
கரையிலிருந்து கப்பல்வரைக்கும்
இஸ்திரி போட்ட மாதிரி
தட்டை.