தொண்ணூற்றேழில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து இரவு பஸ்.
மடியில் பீன்ஸ் கறி சுருட்டிய ரொட்டி இரண்டு.
விடிந்தபோது ஜோஹன்னஸ்பர்க் குளிர்
காலுறைக்குள் ஏறியிருந்தது.

தேர்வு மையத்தில் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள்.
கடிகாரத்தையும்.
இருபத்திரண்டு வருஷமாக நாடி பார்த்த கடிகாரம்,
சீருடையில் தலைகீழாகத் தொங்குவது.
பதினான்காம் லாக்கருக்குள்
இனி அது தனியாக ஓடும்.

எனக்கு முன்னால் எழுதி டெக்சாஸ் போன நிர்வாஷ்னி சொல்லியிருந்தாள்:
"அது உன்னைக் கேள்வி கேட்கவில்லை சரோ,
நிறுக்கிறது."
முதல் கேள்வி நடுத்தரம்.
சரியென்றால் அடுத்தது கொஞ்சம் கனம்,
தப்பென்றால் கொஞ்சம் லேசு.
ஆரம்பத்தில் முள் எகிறி எகிறிக் குதிக்கும்,
போகப் போக ஆட்டம் சிறுக்கும்.
எத்தனை சரி என்று எண்ணாதாம்.
எந்தக் கனத்தில் நீ
பாதி சரி பாதி தப்பென்று தடுமாறுகிறாயோ
அதுதான் உன் எடை.

அப்படியென்றால் கெட்டிக்காரிக்கும் பாதி தப்பு,
மக்குக்கும் பாதி தப்பு.
நன்றாக எழுதினேன் என்று
ஒருத்தியும் வெளியே வரப்போவதில்லை.
இதைக் கண்டுபிடித்தவன்
என் மாமியார் வீட்டில் கொஞ்ச காலம் இருந்திருப்பான்.

நேரம்? என்று கேட்டேன்.
மொத்தம் ஐந்து மணி.
ஒரு கேள்விக்கு நாலு நொடியோ நாலு நிமிஷமோ
மார்க்கில் ஏறாது, இறங்காது.
மொத்தமும் தீர்ந்துபோனால்தான் வம்பு.

நேரம் கணக்கில் இல்லாத நாற்காலியில்
நான் உட்கார்ந்ததே இல்லை.

பொட்டாசியம் ஆறரை, முதலில் என்ன செய்வீர்கள்?
நாலு விடைகளும் நான் செய்தவைதான்,
வெவ்வேறு இரவுகளில்.

அறுபத்தொன்று மூச்சுத் திணறல் பற்றி.
ஆறாம் கட்டில் ம்கிஸே ஐயாவுக்கு
அன்று அதே மூச்சு, அதே நீல நகம்.
விடை எனக்குத் தெரிந்திருந்தது.
டாக்டரை மூன்று தடவை அழைத்தேன்.
பதினோரு நிமிஷம்.
எங்கள் வார்டில்
சரியான விடை தாமதமானால் தப்பு.

திரையைத் தொடாமல் ஆறு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.
யாரும் சாகவில்லை.
பிறகு அழுத்தினேன், அதே விடையை.

அறுபத்தெட்டு: கை கழுவுவது எப்படி.
வயிறு கலங்கியது.
இவ்வளவு கீழே இறக்கிவிட்டதா?
மார்க்கில் சேராத வெள்ளோட்டக் கேள்விகளும்
நடுவில் கலந்திருக்குமாம்.
எதுவென்று சொல்ல மாட்டார்கள்.
பின்னால் போய்ப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

எண்பத்தைந்தில் சிலருக்கு நின்றுவிடும்.
எனக்கு நிற்கவில்லை.
இன்னும் என்னை நம்பவில்லை,
கைவிடவும் இல்லை.

தொண்ணூற்றேழில் திரை கறுத்தது.

இந்த நாட்டில் திரை கறுத்தால்
முதலில் என்ன தோன்றும்?
லோட் ஷெட்டிங்.
இன்று இரண்டாம் கட்டமா நாலாம் கட்டமா என்று
மனசு அட்டவணையைத் தேடியது.
ஜெனரேட்டர் உறுமட்டும் என்று காத்திருந்தேன்.
உறுமவில்லை.

நிமிர்ந்தேன்.
ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.
பக்கத்துப் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு
எதையோ அழுத்திக்கொண்டிருந்தான்.

கரண்ட் போகவில்லை.
முள் நின்றிருக்கிறது.
கோட்டுக்கு மேலா கீழா
என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

கடிகாரத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்தேன்.
பதினொன்று நாற்பது.
டாக்ஸி நிறுத்தத்தில் ரொட்டியைப் பிரித்தபோது
பக்கத்துப் பெஞ்சில் கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர்
வாயால் மூச்சு வாங்கினார்.
ரொட்டியை மடித்து வைத்தேன்.
கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது.

இருபத்தாறு.
இல்லை,
இருபத்தெட்டு.