பச்சைக்கிளி, ஜாடிக்கு நூற்றிருபது

சனிக்கிழமை குடியாத்தம் லைன்.
செவ்வாய் பேரணாம்பட்டு.
வியாழன் ஆம்பூர், மழை இல்லையென்றால்
மாதனூர் வரைக்கும்.
பதினாறு வருடம்
டி.வி.எஸ். ஃபிஃப்டியின் இரண்டு பக்கமும்
ஜாடிகள் கலகலக்கப் போனவன் நான்.

பச்சைத் தாள், இரண்டு முனையும் முறுக்கியது,
நடுவில் கிளி.
வாலாஜாவில் அச்சடிக்கிற இடத்தில் பிளாக் தேய்ந்துபோய்
கிளிக்கு ஒரு கண் விழாது.
இரண்டு கண்ணும் விழுந்த தாள் கிடைத்தால்
இன்னொரு மிட்டாய் சும்மா என்று
பிள்ளைகளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்.
கம்பெனிக்குத் தெரியாது.
மேல்பட்டி ஜுலேகா பீ
தாள்களை நூலில் கோத்து
பில்லோடு சேர்த்து நீட்டுவாள்:
"ரெண்டு கண்ணு பதினேழு கீது.
யார் குடுப்பா இதுக்கு?"

நான்தான் கொடுத்தேன்.
என் கமிஷனில் கழிந்தன
அத்தனை கண்களும்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் முதலாளி
கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்:
"இனிமே கிளி இல்ல."
சர்க்கரை விலையா, அண்ணன் தம்பி வழக்கா,
கேட்கவில்லை.
கடை கடையாகப் போய்ச் சொல்லவேண்டியது
அவரில்லையே.

முதல் வாரம், ஸ்டாக் வர்ல.
அடுத்த வாரம், லாரி வர்ல.
அதற்கப்புறம் கடைக்காரர்கள் கேட்கவில்லை,
பிள்ளைகள்தான் கேட்டார்கள்.
மாதனூரில் ஒரு பையன்,
முழங்கால் வரை ஆற்று மணல்,
நாலணாவைக் கல்லாமேல் வைத்துவிட்டு
எடுக்காமல் நின்றான்.
பிளாஸ்டிக் தாளில் புதிதாக வந்திருந்த
காபி மிட்டாய் ஒன்றை என் கணக்கில் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தான்.
திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில்
வண்டிகளுக்கு டோக்கன் போடுகிறேன்.
எப்போதாவது ஒருத்தர் ஹெல்மெட்டைக் கழற்றி
உற்றுப் பார்ப்பார்:
"கிளி முட்டாய்க்காரு தானே நீங்க?"

போன வெள்ளிக்கிழமை
தையல் செக்‌ஷன் வேண்டாமிர்தம் சொன்னாள்,
அது சோம்பு.
கட்டிங் அல்தாஃப் விடவில்லை,
ஏலக்காய், கடைசியில் லேசாக உப்புக் கரிக்கும்.
உப்பா, உனக்கு மூக்கு ஒழுகியிருக்கும் என்றாள் அவள்.
மணி அடித்தும் இரண்டு பேரும் நகரவில்லை.
"அண்ணா, நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்ல?
ஜாடிக்கு நூற்றிருபது.
எடுப்பது இருபத்திரண்டு, போடுவது இருபத்துநாலு.
பத்து ஜாடிக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.
சித்திரையில் தாள் ஒட்டிக்கொள்ளும்,
நிழலில்தான் வண்டி நிறுத்த வேண்டும்.
மூடி சரியில்லையென்றால்
ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எறும்பு.
எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
உடைந்ததைக்கூடக் காட்டி
கணக்கில் எழுத வேண்டும்.

ஒன்றைக்கூட
நான் வாயில் போட்டதில்லை.

"ரெண்டும்தான்" என்றேன்.
"மொதல்ல சோம்பு, அப்புறம் ஏலக்காய்."
அதெப்படி என்று கேட்பார்களோ என்று பயமாக இருந்தது.
கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே
இருநூற்றுப் பதினாலும் பதினைந்தும்
உள்ளே போனார்கள்.

ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு
நாக்கை அண்ணத்தில் அழுத்தி
கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன்.
தோல் கிடங்குப் பக்கமிருந்து காற்று அடித்தது.
வாயை மூடிக்கொண்டேன்.